பென்னிங்டன் கடை வாசலில் இருபது பேர்

இந்த ஊரில் ஜட்ஜாக இருப்பதற்குச் சட்டம் படித்தால் மட்டும் போதாது, வயிறும் வேண்டும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுக் கேட்டுப் போகும்போது பாப்டிஸ்ட் சர்ச்சில் பொரித்த கோழி, மெதடிஸ்ட் சர்ச்சில் பீச் பழக் கேக், தீயணைப்புக்காரர்கள் விருந்தில் கெளுத்தி மீன், ஆட்டுச் சந்தையில் புகையில் வாட்டிய மாட்டுக்கறி என்று யார் எதை நீட்டினாலும் முகம் சுளிக்காமல் தின்றாக வேண்டும். ஒரு வீட்டில் தின்றுவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் தொலைந்தது, அந்தக் குடும்பத்து ஆறு ஓட்டும் போச்சு. ஓப்பல் ஹாஸ்கெட் பதினாறு வருஷம் தின்றாள். சாவுக்குப் போனாள், கல்யாணத்துக்குப் போனாள், பள்ளிக்கூடத்துப் பையன்களின் ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போய்க் குளிரில் விறைத்துக்கொண்டு கை தட்டினாள். லோமாக்ஸ் கவுண்டி என்கிற எங்கள் ஜில்லாவின் ஜனங்களும் நாலு தேர்தலில் அவளை ஜெயிக்க வைத்து ஜில்லா கோர்ட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஐந்தாவது தேர்தலுக்கு எட்டே நாள் இருந்தபோதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

1978, ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை அது. அடுத்த வாரம் சனிக்கிழமை கட்சிக்குள் வேட்பாளரைப் பொறுக்கும் ஓட்டு. நவம்பரில் இன்னொரு தேர்தல் உண்டு என்று பேர்தான்; டெக்சஸில் எங்கள் பக்கம் மே மாதம் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான், எதிர்க்கட்சியில் நிற்க ஆளே கிடைக்காது. முதல் தேர்தலுக்குப் பிறகு ஓப்பலை எதிர்த்து யாரும் நின்றதில்லை. இந்தத் தடவை ராண்டல் க்ரீச் நின்றான். முப்பத்துநாலு வயது அரசாங்க வக்கீல். பகலெல்லாம் அவள் கோர்ட்டிலேயே எழுந்து நின்று "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று குழைவான், சாயங்காலமானால் ஊருக்குள் போய்க் கிழவிக்கு ஓய்வு கொடுங்கள் என்று பேசுவான். அவன் பேர் போட்ட தீப்பெட்டி எல்லா டீக்கடை மேசையிலும் கிடந்தது. ஓப்பல் தன் பங்குக்கு நகம் ராவுகிற அட்டையில் பேர் அச்சடித்து விநியோகித்தாள்.

அந்த நாற்காலி போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அறுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா வைத்துவிட்டுப் போன வக்கீல் ஆபீசில் இப்போது ஒருவன் முடி வெட்டுகிறான். காலையில் எழுந்தால் கோர்ட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச், நடுவில் தீவனக்கடை நடத்தும் தம்பி ட்ரூயட் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. தேர்தல் வேலை முழுக்க அந்தத் தம்பி தலையில்தான். பதவிக்காலம் முடிந்து ஜனவரியில் கோர்ட்டுப் படிகளில் ஏற முடியாமல் போனால் தான் என்ன செய்வோம் என்று அவள் ஒருநாள் யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை, யோசிப்பதையே விட்டுவிட்டாள்.

அவளை அந்த நாற்காலியில் ஏற்றியவன் கவுண்டி போலீசுக்குத் தலைவனான ஷெரிஃப் டப் டாலிவர். இதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. 1962-ல் ஒரு பொம்பளைக்கு நீதிபதி அங்கியா என்று ஊரே சிரித்தபோது, டப்தான் தெற்குப் பக்கத்து மூன்று ஓட்டுப் பெட்டிகளையும் அவள் பக்கம் திருப்பினான். அந்த மூன்று பெட்டிகள் டப் சொல்படி கேட்கும். ஏன் கேட்கும் என்றால், அங்கே யார் வீட்டுப் பையன் எப்போது குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்பதெல்லாம் டப்புக்குத் தெரியும். தொண்ணூறு ஓட்டில் ஓப்பல் ஜெயித்தாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம்.

வியாழக்கிழமை சாயங்காலம் டப் அவள் அறைக்கு வந்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் இல்லாதபோது அவன் ஜட்ஜம்மா என்று கூப்பிடுவதில்லை. "மூணு பெட்டியும் உனக்குத்தான், ஓப்பல். க்ரீச் பய வந்து கேட்டான், நான் பிடி கொடுக்கல. நாளைக்கு ரிக்கி கேஸு. வழக்கம் எப்படியோ அப்படி நடக்கட்டும், அவ்வளவுதான்" என்றான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டப் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு போனான். பதினாறு வருஷமாக அவள் பேசாமல் இருந்தால் அர்த்தம் அதுதான்.

ரிக்கி என்பவன் டப்பின் தங்கை மகன், டப்புக்குக் கீழே டெபுடி. மார்ச் மாதம் ஓடைப் பாலத்தடியில் எலீசியோ சல்திவாரின் வண்டியை மறித்தான். எலீசியோ ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் மெக்சிகோக்கார ஆட்களின் மேஸ்திரி. பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தான். எல்லோரையும் கீழே இறக்கித் தண்ணீருக்குள் வரிசையாக நிறுத்தினான் ரிக்கி. அதட்டிக்கொண்டே நடந்தவன் பாசியில் வழுக்கி முகம் குப்புற விழுந்தான், முன்பல் இரண்டு போச்சு. பதினோரு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மறுநாள் எலீசியோ தன்னை இரும்புக் கம்பியால் அடித்ததாக எழுதிக் கொடுத்தான். இது எலீசியோ சொன்ன கதை. ரிக்கி சொன்னது வேறு. எது நிஜம் என்று சொல்வது ஊர் ஜனங்களிலிருந்து பொறுக்கிய பன்னிரண்டு ஜூரிகளின் வேலை. ரிக்கியின் கதை நின்றால் எலீசியோவுக்குப் பத்து வருஷம்வரை உள்ளே.

வெள்ளிக்கிழமை காலை ஜூரி பொறுக்கும் வேலை ஆரம்பித்தது. சீட்டு அனுப்பிய அறுபது பேரில் முப்பத்தைந்து பேர்தான் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவனுக்கு ஆடு குட்டி போட்டிருந்தது, ஒருத்திக்கு டாக்டர் சீட்டு இருந்தது, ஒருவனுக்குக் காது கேட்கவில்லை, அல்லது கேட்காதது போல இருந்தான். மீதிப் பேரில் பலரை இரண்டு பக்கத்து வக்கீல்களும் இவர் வேண்டாம் என்று பேரை அடித்துத் தள்ளினார்கள். பதினோரு மணிக்கு ஏழு பேர்தான் தேறினார்கள். இன்னும் ஐந்து நாற்காலி காலி.

இப்படி ஆள் குறைந்தால் ஷெரிஃப் வெளியே போய்த் தெருவில் அகப்படுகிறவர்களைக் கூட்டி வரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. டப்புக்குத் தெரு என்றால் ஒரே இடம்தான். கோர்ட்டுக்கு எதிரே டாமினோ கட்டை ஆடும் கூடம். ஹாலிஸ் மெக்வே என்கிற கிழவனும் அவன் சகாக்கள் ஏழு பேரும் காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான் கட்டையை அடுக்கிக்கொண்டு கிடப்பார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஷெரிஃப் ஒருவனைப் பிடித்துவிட்டால் அவன் ஏதாவது செய்திருப்பான் என்பது அவர்கள் கட்சி. அதைத் தாண்டி அவர்கள் யோசித்ததே கிடையாது.

ஓப்பல் வாயைத் திறந்தாள். ஷெரிஃப், ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லத்தான் திறந்தாள். சொல்வதற்கு முன்பே பின்கதவு திறந்து எட்டுப் பேரும் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஹாலிஸ் நேராக ஜூரிகளின் கூண்டுக்குப் போனான். இரண்டாம் வரிசை ஓர நாற்காலிக்கு அடியில் கையை விட்டு ஒரு சிவப்புத் திண்டை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். இன்னும் யாரும் அவன் பேரைக்கூடக் கேட்கவில்லை.

"ஹாலிஸ், அது யாரோட திண்டு?" என்று கேட்டாள் ஓப்பல்.

"என்னோடதுதான் ஜட்ஜம்மா. எனக்கு மூலம் உண்டுல்ல. ஒவ்வொரு வாட்டியும் தூக்கிட்டு வருவானேன்னு இங்கயே போட்டு வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"நீங்க வந்த ரெண்டாம் வருஷத்துலேருந்து."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. டப்பும் சிரித்தான், க்ரீச்சும் சிரித்தான். எலீசியோ சிரிக்கவில்லை. அவன் அந்தத் திண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓப்பலுக்கு முகம் சுட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் போர்ஃபீரியோ லூனா என்று ஒருவன் எலீசியோ இருந்த அதே இடத்தில் நின்றிருந்தான். கன்றுக்குட்டி திருடியதாக வழக்கு. இந்த எட்டில் ஐந்து பேர் ஜூரியில் இருந்தார்கள், கால் மணி நேரத்தில் முடிவு சொன்னார்கள், அவள் கையெழுத்துப் போட்டாள். பத்து வருஷம் என்று போட்டு ஏழு வருஷத்தில் விட்டார்கள். திரும்பி வந்தபோது அவன் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவனும் அன்று இந்தத் திண்டைப் பார்த்திருப்பான். எல்லோரும் பார்த்திருப்பார்கள். பத்தடி தூரத்தில் உயரத்தில் உட்கார்ந்திருந்த அவள் கண்ணில்தான் படவில்லை, ஏனென்றால் பட வேண்டாம் என்று அவள் நினைத்தாள். கோபம் வந்தது. முதலில் ஹாலிஸ் மேல் வந்தது, அப்புறம் டப் மேல், அப்புறம் சுற்றி வளைக்காமல் தன் மேலேயே வந்து நின்றது. தூ, என்ன பிழைப்பு இது என்று மனசுக்குள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

எட்டுப் பேரையும் எழுந்து போகச் சொன்னாள். அவர்களுக்கு முதலில் புரியவில்லை. ஆட்டம் பாதியில் நிற்கிறதே, போய் முடியுங்கள் என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் எழுந்தார்கள். ஹாலிஸ் திண்டை நாற்காலிக்கு அடியிலேயே தள்ளப் பார்த்தான். அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

டப் மேசைக்குப் பக்கத்தில் வந்தான். ஆள் கூட்டி வருவது சட்டப்படி ஷெரிஃபின் வேலை, இதில் ஜட்ஜுக்கு என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"உன் வேலைதான், டப். நான் இல்லேங்கல. எங்கேருந்து கூட்டிட்டு வரணும்னு சட்டத்துல எழுதல, அதை நான் சொல்றேன். பென்னிங்டன் மளிகைக் கடை வாசல். சாமானோட வெளிய வர்ற முதல் இருபது பேர். இந்த கவுண்டியில ஓட்டு இருக்கான்னு மட்டும் கேளு. ஒருத்தரையும் பொறுக்காதே, ஒருத்தரையும் விடாதே. எண்ணுறதுக்கு நானே வர்றேன்."

க்ரீச் எழுந்து ஆட்சேபித்தான். ஆட்சேபம் குறித்துக்கொள்ளப்பட்டது என்று சொல்லிவிட்டு ஓப்பல் அங்கியோடு படி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் டப், அவனுக்குப் பின்னால் இரண்டு வக்கீல்கள், கடைசியில் கோர்ட்டில் பேசுவதையெல்லாம் தட்டெழுதும் ட்வைலா, தன் மிஷினைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். வழக்கு வெளியே போனாலும் பதிவு நிற்கக் கூடாது என்பது ட்வைலாவின் கொள்கை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பென்னிங்டன் கடையில், சேர்த்து வைத்தால் சாமான் தரும் பரிசு முத்திரையை இரட்டிப்பாகக் கொடுப்பார்கள். ஊரில் பாதி அங்கேதான் இருந்தது. ஓட்டுள்ளவர்களாகப் பார்த்து நிறுத்தச் சொல்லியிருந்தாள் ஓப்பல். ஆகவே அன்று கோபப்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு உண்டு. முதலில் வந்தவள் பாப்டிஸ்ட் பாதிரியின் மனைவி. சாயங்காலம் சர்ச் இளைஞர்களுக்கு விருந்து, நாலு பெரிய டப்பா ஐஸ்கிரீம் வாங்கியிருந்தாள். பக்கத்துச் சிறையில் இருக்கும் குளிர்பெட்டியில் வையுங்கள் என்று ஓப்பல் உத்தரவு போட்டாள். திறந்து பார்த்தால் அது பூரா டப் வேட்டையாடிய மான் கறி. ஐஸ்கிரீம் கோர்ட்டுப் படியில் உட்கார்ந்து உருகத் தொடங்கியது. அடுத்து ஃபுட்பால் கோச் வந்தான், பெட்ரோல் பங்க் முதலாளி வந்தான், பல் டாக்டரின் மனைவி தலையில் முடி சுருட்டும் கிளிப்போடு வந்து இந்தக் கோலத்தில் கோர்ட்டுக்கா என்று அழ ஆரம்பித்தாள்.

ஆறாவதாக வந்தவள் ஹெர்லிண்டா ஓசுனா, பள்ளிக்கூடத்தில் சமைப்பவள். ஷெரிஃப் முன்னால் வந்து நின்றதும் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். ஜூரி வேலைக்குக் கூப்பிடுகிறோம், பயப்படாதீர்கள் என்று ஓப்பல் சொன்னாள். ஹெர்லிண்டா கையை இறக்கவில்லை. நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாள், தேர்தல் தவறாமல் ஓட்டுப் போடுகிறாள், ஜூரிக்கு ஒரு சீட்டுக்கூட வந்ததில்லை.

"எனக்கு டாமினோ ஆடத் தெரியாதுங்களே" என்றாள்.

அவள் கேலியாகச் சொல்லவில்லை. ஜூரி என்றால் அதுதான் தகுதி என்று அவளைப் போன்ற மெக்சிகோக்கார ஜனங்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.  கீழே கிடந்த பையை ஓப்பலே எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்பதாவதாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் டப்பின் மனைவி நெல்டா. டப் சட்டென்று வானத்தைப் பார்த்தான். "டப், ஒன்பது" என்றாள் ஓப்பல். டப் இன்னும் வானத்தையே பார்த்தான். ஓப்பல் மறுபடியும் எண்ணைச் சொன்னாள். வேறு வழியில்லாமல் அவன் தொப்பியைத் தொட்டு, மேடம், உங்களுக்கு இந்த கவுண்டியில் ஓட்டு இருக்கிறதா என்று பெண்டாட்டியைக் கேட்டான். உங்களுக்கு என்ன பைத்தியமா என்று நெல்டா திருப்பிக் கேட்டாள். ட்வைலா அதையும் தட்டினாள்.

அதற்குள் தீவனக்கடையிலிருந்து தம்பி ட்ரூயட் ஓடி வந்துவிட்டான். அக்காவை ஓரமாகக் கூப்பிட்டுக் கிட்டத்தட்டக் கெஞ்சினான். "நீ செய்யறது தப்புன்னு சொல்லல அக்கா. அடுத்த வெள்ளிக்கிழமைகூட வேணாம், அதுக்கடுத்த திங்கக்கிழமை செய். ஓட்டு முடிஞ்சிடும். பத்தே நாள்."

"எனக்குப் பத்து நாளு. அந்தாளுக்குப் பத்து வருஷம்டா."

இருபது பேரையும் மேலே கூட்டிப் போனார்கள். கட்டின புருஷன் ஷெரிஃபாக இருக்கும் வழக்கில் நெல்டா உட்கார முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் முறைப்படி கேட்க வேண்டும் என்று அவளை ஓப்பலின் அறையில் வைத்து இரண்டு வக்கீல்களும் கேட்டார்கள். டப் கதவோரம் நின்றான். டெபுடி ரிக்கியின் சாட்சியத்தை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று கேள்வி. நெல்டாவுக்குப் பசி, காலில் வேறு வலி, புருஷன் மேல் கோபம். "ரிக்கி இவர் தங்கச்சி மகன். சின்னப் பிள்ளையிலேருந்து பார்க்கறேன். மழை பெய்யுதுன்னு அவன் சொன்னா, நான் வெளிய போய்க் கையை நீட்டிப் பார்த்துட்டுத்தான் நம்புவேன்" என்றாள். ஓப்பல் அவளை அனுப்பிவிட்டாள். அந்தப் பேச்சை ஜூரிகள் யாரும் கேட்கவில்லை. ஆனால் டப் கேட்டான். அந்த நிமிஷத்தில் அவன் முகத்தைப் பார்த்து, மூன்று பெட்டியும் போய்விட்டது என்று ஓப்பலுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து நாற்காலியும் நிரம்பின. ஹெர்லிண்டாவுக்குக் கிடைத்தது இரண்டாம் வரிசை ஓரம். விசாரணை சனிக்கிழமையும் நடந்தது. ரிக்கி சாட்சிக் கூண்டில் கம்பியின் நீளத்தை ஒரு தடவை இரண்டடி என்றான், ஒரு தடவை நாலடி என்றான், கம்பி எங்கே என்றதற்கு ஓடையில் போயிருக்கும் என்றான். ஜூரிகள் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வந்து குற்றமில்லை என்றார்கள். அவர்கள் குற்றம் என்று சொல்லியிருந்தாலும் ஓப்பல் கையெழுத்துப் போட்டிருப்பாள். அன்று அவளுக்கு வேண்டியிருந்தது டப் பொறுக்காத பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். எலீசியோ தன் ஆட்களோடு போய்விட்டான். அவனுக்கு இந்த கவுண்டியில் ஓட்டுக் கிடையாது.

அப்புறம் க்ரீச் காட்டில் மழை. திங்கட்கிழமையே பத்திரிகையில் அரைப் பக்க விளம்பரம் போட்டான். புதன்கிழமை பூங்காவில் ஊருக்கே இலவச ஐஸ்கிரீம் விருந்து வைத்தான். இங்கே நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று மேடையில் சொன்னான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாதிரியின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று கிண்ணம் சாப்பிட்டாள். டப் தெற்குப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினான்.

வியாழக்கிழமை கோர்ட்டுப் புல்வெளியில் எல்லா வேட்பாளர்களும் பேசும் கூட்டம். ட்ரூயட் அக்காவுக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், இனிமேல் இப்படி நடக்காது, இரண்டே வரி. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் போதும், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மன்றாடினான். ஓப்பல் காகிதத்தை வாங்கிக்கொண்டு மேடை ஏறினாள். மன்னிப்பும் கேட்டாள். ஆனால் ஐஸ்கிரீமுக்குக் கேட்கவில்லை. பதினாறு வருஷமாக ஒரே எட்டுப் பேரை உள்ளே விட்டதற்குக் கேட்டாள். போர்ஃபீரியோ லூனாவின் பேரைச் சொன்னாள். அவன் திருடினானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஏனென்றால் அன்று யாரும் விசாரிக்கவில்லை, நான் உட்பட, என்றாள்.

"இனிமே இப்படி நடக்காதுன்னு சொல்லச் சொல்லி என் தம்பி எழுதிக் குடுத்திருக்கான். பொய் சொல்லி ஓட்டுக் கேட்க மாட்டேன். மறுபடியும் நடக்கும். ஆள் குறையற ஒவ்வொரு தடவையும் நடக்கும். பிடிக்கலேன்னா சனிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

ஒருவரும் கை தட்டவில்லை. பின்னால் லாரிகள் நிறுத்தியிருந்த பக்கம் மட்டும் சிலர் தட்டினார்கள், அதில் பாதிப் பேருக்கு ஓட்டர் பட்டியலில் பேர் கிடையாது. ட்ரூயட் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சனிக்கிழமை ஜனங்கள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசம். தெற்குப் பெட்டி மூன்றிலும் சேர்த்து அவளுக்கு விழுந்தது பத்தொன்பது. ட்ரூயட் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். ஓப்பலும் அழுதாள். வீரம் பேசிவிட்டால் அழுகை வராது என்று யார் சொன்னது? பதினாறு வருஷத்து நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் அவளைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினார்கள், சிலர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ராஜினாமா செய்துவிட்டால் கௌரவமாக இருக்கும் என்று இரண்டு பேர் காதோடு சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் அங்கியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு கிட்டங்கித் திருட்டு வழக்கு. கூண்டில் நின்றவன் ஒரு வெள்ளைக்காரப் பையன், ஷெரிஃபுக்கும் அவன் குடும்பத்துக்கும் பழைய பகை. அரசாங்கத் தரப்பில் க்ரீச் எழுந்து நின்றான். ஜெயித்தவனுக்குரிய பெருந்தன்மை முகத்தில் வழிந்தது, முன்னைவிட மரியாதையாகக் குனிந்தான். பத்தரை மணிக்கு ஜூரியில் நாலு பேர் குறைந்தார்கள்.

டப் மேசைக்கு வந்து குனிந்தான். குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினான்.

"நடந்தது நடந்துபோச்சு, ஓப்பல். மனசுல வெச்சுக்காதே. ஹாலிஸ் கீழதான் நிக்கறான், கூட்டிட்டு வரட்டுமா?"

ஓப்பல் ட்வைலாவைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னாள். பிறகு அறையின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். இந்தக் கோர்ட்டில் ஜூரிக்கு ஆள் குறைந்தால் ஷெரிஃப் பென்னிங்டன் கடை வாசலில் நின்று, வெளியே வருகிற முதல் இருபது பேரைக் கூட்டி வர வேண்டும், இது நிரந்தர உத்தரவு, இன்று முதல் அமல். காகிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டாள்.

க்ரீச் புன்சிரிப்போடு எழுந்தான். "ஜனவரி ஒண்ணாம் தேதி நான் அதை ரத்து பண்ணிடுவேனே, கனம் கோர்ட்டார் அவர்களே."

"பண்ணு. தாராளமா பண்ணு. ஆனா இதே மாதிரி திறந்த கோர்ட்டுல, இத்தனை பேர் முன்னால, உன் பேரைப் போட்டுக் கையெழுத்து வெச்சுப் பண்ணு. பதினாறு வருஷமா அந்த எட்டுப் பேரும் யார் கையெழுத்தும் இல்லாம உள்ள வந்தாங்க. அதான் யாருக்கும் வெட்கமா இல்ல, எனக்கும் இல்ல. இனிமே அவங்க உள்ள வரணும்னா ஒரு ஜட்ஜு கையெழுத்துப் போட்டுக் கூப்பிடட்டும்."

க்ரீச்சின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அவன் உட்கார்ந்தான். டப் மட்டும் நகரவில்லை.

"நீ தோத்துட்டே, ஓப்பல்" என்றான். இந்தத் தடவை அவன் குரலைத் தணிக்கவில்லை.

"தோத்தது சனிக்கிழமை. என் காலம் முடியறது டிசம்பர் முப்பத்தொண்ணு. இன்னும் எட்டு மாசம் இருக்கு, டப். ஓட்டைத் தவிர என்கிட்டேருந்து பறிக்க உன்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு கேட்போம்."

டப் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அது அவன் நெற்றியில் தெரிந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் அவன் கையில் வைத்திருந்தது அந்த மூன்று பெட்டிகள்தான், அவற்றைச் சனிக்கிழமையோடு செலவழித்துவிட்டான். 

"இருபது பேர்" என்றாள் ஓப்பல்.

டப் டாலிவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். எண்ணிப் பார்க்க இந்தத் தடவை அவள் கூடப் போகவில்லை.